சும்மா ஒரு நிமிஷம்

பிள்ளைகளைப் பேச வைப்பது ஒரு வேலை, அதற்கு மாதச் சம்பளமும் உண்டு என்று சொன்னபோது எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. "வண்ணாரப்பேட்டையில பேசாம இருக்க வெக்கத்தான்மா ஆள் தேவை" என்றார் என் அப்பா; நாங்கள் அத்தா என்போம்.

அதற்கு முன்பு நான் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். தாலி கட்டும்போது எந்தப் பாட்டு, பந்தியில் எந்தப் பாட்டு என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கூட வரும். பிறகு ஒரு சின்னத் தொண்டு அமைப்பு, ராயபுரத்தில் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தது. அக்கம்பக்கத்துப் பதினாலு, பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் சாயங்காலம் வந்து தங்கள் கதையை, தங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து, வெட்டிச் சரிசெய்து, இன்டர்நெட்டில் ஏற்ற வேண்டும். பாட்காஸ்ட் என்று பெயர். கேமரா கைப்பேசியையே ஊர் அதிசயமாகப் பார்த்த காலம் அது. 'படம் இல்லையா, வெறும் சத்தம் மட்டுமா?' என்று எல்லாரும் பாவமாகக் கேட்டார்கள்.

எங்கள் சொத்து இரண்டு கையடக்க ரெக்கார்டர்கள், ஒரு கம்ப்யூட்டர், கரண்ட் போனால் 'பீப்' என்று ஒரு தடவை வருத்தம் தெரிவித்துவிட்டுத் தானும் அணைந்துவிடும் ஒரு யுபிஎஸ், அப்புறம் டேவிட் அண்ணன். அறைச் சாவி, கணக்கு, தண்ணி கேன், சமோசா எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. நான் 'பர்வீன் அக்கா'. பதினாறு வயதுப் பிள்ளையிடம் "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு?" என்று கேட்டு, "ம்" என்பதை மட்டும் பதிலாக வாங்கியவர்கள் உங்களில் இருந்தால், நீங்களும் நம் ஆள்தான். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது.

வணக்கம் நேயர்களே

சதீஷ் வியாசர்பாடியில் இருந்து வருவான். மாடிப்படி ஏறும்போதே அவன் கதை ஆரம்பித்துவிடும். பஸ்ஸில் நடந்த சண்டை, வாத்தியார் தூங்கியது, அவன் மாமா டிவி ஆன்டெனாவைத் திருப்பப் போய் பக்கத்து வீட்டு ஓட்டில் கால் மாட்டிக்கொண்டது. படியில் நிற்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மாடிக்கு வந்து ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்ததோ இல்லையோ, முதுகை நிமிர்த்தி, "வணக்கம் நேயர்களே, இன்று நாம் காணவிருப்பது" என்று ஆரம்பித்துவிடுவான். யாரோ வேறு ஒரு பையன் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

நானும் கெஞ்சினேன், மிரட்டினேன், சமோசாவைக் காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் ரெக்கார்டரை ஓடவிட்டு, விளக்கின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, "பேட்டரி இல்லடா, வர்ற வரைக்கும் அந்த ஆன்டெனா கதையச் சொல்லு" என்றேன். சொன்னான். அப்புறம் பொட்டைப் பிய்த்து, பதிவைப் போட்டுக் காட்டி, "இதுதான் உன் குரல், இதையே ஏத்தலாமா?" என்று கேட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் சந்தோஷப்படவில்லை, ரொம்பக் கவலைப்பட்டான். "இன்னாக்கா, இத்த நான் காசே வாங்காம தெனம் பேசிகினு கீறேன். இதுக்கு இன்னாத்துக்கு ட்ரெய்னிங்கு?"

யாருக்காக?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரைப் பேச வைத்துப் பதிவு செய்து முடித்ததும், அதே இடத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். அந்த வெற்று அறையின் சத்தத்தையும் பதிவு செய்துகொள்வோம். எந்த இடமும் முழுக்க நிசப்தமாக இருப்பதில்லை. ஃபேன், தெரு, தூரத்து ரயில் என்று எதுவாவது அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். பேச்சின் நடுவில் இருமலையோ உளறலையோ வெட்டினால் அந்த இடத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்க இந்தச் சத்தம் வேண்டும். துணி கிழிந்தால் அதே துணியில்தானே ஒட்டுப் போட வேண்டும்? பிள்ளைகள் அதற்கு 'சும்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "சும்மா எடுத்தியா?" என்பதுதான் அறைக்குள் நுழைகிறவரிடம் நான் கேட்கிற முதல் கேள்வி.

வட சென்னையில் சும்மா எடுப்பது என்னவென்று உங்களுக்கே தெரியும். கன்டெய்னர் லாரி போகும், அது போனால் கூட்ஸ் வண்டி வரும், அது முடிந்தால் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதும், கடைசியில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். தண்டையார்பேட்டை இம்ரான் அவன் அத்தாவைப் பேட்டி எடுத்தபோது நானும் கூடப் போயிருந்தேன். அவர் வீட்டு முன்கூடத்திலேயே பை தைக்கிற கடை வைத்திருந்தார், முதல் கடை திறந்த கதையை அழகாகச் சொன்னார். முடிந்ததும் இம்ரான் விரலை உதட்டில் வைத்து, "ஒரு நிமிஷம் எல்லாரும் அமைதியா இருங்க" என்றான்.

அவ்வளவுதான். அவன் அத்தா சட்டென்று எழுந்து நின்றார். அதைப் பார்த்து அம்மாவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். தையல் மெஷினில் இருந்த இரண்டு பேரும் காலை எடுத்துவிட்டு எழுந்து தலையைக் குனிந்தார்கள். எழ வேண்டாம் என்று சொன்னால் சத்தம் விழுந்துவிடும் என்று நானும் சொல்லவில்லை. அத்தனை மரியாதையோடு எனக்கு யாரும் சும்மா கொடுத்ததில்லை. நிமிஷம் முடிந்து ரெக்கார்டரை அணைத்ததும் அவர் என்னிடம் குனிந்து, துக்கம் விசாரிக்கிறவர் மாதிரி கலங்கிய குரலில் கேட்டார்: "யாரும்மா மௌத்து? நமக்குத் தெரிஞ்சவங்களா?"

கரண்ட்

'சேவ்' பண்ணாமல் வேலை செய்து, கரண்ட் போய், கறுத்துப்போன திரையில் சொந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களே, உங்களுக்காகத்தான் இது. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து சதீஷின் ஆன்டெனா கதையை வெட்டி ஒழுங்காக்கினேன். கடைசி இருமலை எடுக்கும்போது விளக்கு போனது, யுபிஎஸ் வழக்கம்போல் ஒரு 'பீப்' வருத்தம் தெரிவித்தது. நான் அப்படியே மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். டேவிட் அண்ணன் மெழுகுவர்த்தியோடு வந்து என் பக்கத்தில் வைத்து, சமாதானமாகச் சொன்னார்: "உடும்மா. இப்பதான் மெய்யாலுமே சும்மா கெடைக்கும், எடுத்துக்கோ."

வீட்டுக்கு ஒரு வயர்

சத்யா எர்ணாவூரில் இருந்து வருவாள். பதினோராம் வகுப்பு. மற்றப் பிள்ளைகளுக்குக் கதை எதைப் பற்றி என்று முடிவு செய்யவே வாரக்கணக்காகும். சத்யா முதல் நாளே, "எங்க வூட்டப் பத்தி, அக்கா" என்றாள். "என்ன விசேஷம் உங்க வீட்டுல?" என்று கேட்டேன். "நான் வயர்" என்றாள்.

அவர்கள் வீடு முன்பு திருவொற்றியூர்க் கரையில் இருந்தது. வருஷத்துக்கு வருஷம் கடல் கிட்டே வந்து, கொட்டிய பாறாங்கல்லையும் தாண்டி அலை பின்சுவரை இடித்தது. அரசாங்கம் எர்ணாவூரில் அடுக்குமாடி வீடு கொடுத்தது. அவள் நைனா, அதாவது அப்பா, கையெழுத்துப் போட்டு எல்லாரையும் அங்கே அழைத்துப் போய்விட்டார். அவர் கடல் தொழிலை விட்டு ஒரு கன்டெய்னர் யார்டில் வேலைக்குப் போகிறார். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் விற்கிறார். குடிபோன அன்றிலிருந்து, இரண்டு வருஷமாக, அம்மா நைனாவோடு பேசுவதில்லை. ஒரே கூடம், ஒரே சமையல்கட்டு. "ஒங்க நைனாகிட்ட சொல்லு, சோறு போட்டாச்சுன்னு." "ஒங்கம்மாகிட்ட சொல்லு, கொழம்புல உப்பு கம்மின்னு." நடுவில் சத்யா. சண்டை என்றால் அதையும் இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுக்க வேண்டும். சூடான வார்த்தைகளைக் கொஞ்சம் ஆறவைத்துக் கொடுப்பேன் என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு ரெக்கார்டரின் பஞ்சுத் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டே மிச்சத்தைச் சொன்னாள். பரீட்சை முடிந்ததும் அம்மா காசிமேட்டில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கே போய்விடப் போகிறார். நைனா தடுக்கப் போவதில்லை, தடுக்க வேண்டுமென்றால் பேச வேண்டும். அதற்குள் இரண்டு பேரும் ஒரு வார்த்தையாவது நேராகப் பேசிவிட வேண்டும், அதற்குத்தான் இந்தப் பாட்காஸ்ட் என்றாள். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "அம்மா போனா நீ யாரோட இருப்ப?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. "அதத்தான் ரெண்டு பேரும் கேக்கறாங்க. ஆனா அதையும் என்னாண்டதான் சொல்லி அனுப்புறாங்க, 'யாரு கூட இருக்கப்போறான்னு கேட்டுச் சொல்லு'ன்னு."

ஐஸ் மெஷினும் லாரியும்

முதலில் அம்மாவைப் பதிவு செய்தாள். வீட்டில் பேச மாட்டார் என்று காசிமேட்டுக்கே போனாள். நான் ஹெட்ஃபோனில் கேட்டேன். பின்னால் ஐஸ் பாறையை உடைக்கிற மெஷின் கரகரவென்று ஓடுகிறது. அம்மா தனத்துக்குக் கணீரென்ற குரல். ஒரு ஆள் அவர் கூடையில் இருந்த நண்டைப் பார்த்து, "இது உசுரோட கீதா?" என்று கேட்கிறார். "கைய வுட்டுப் பாரு, அதுவே சொல்லும்" என்று அவர் கடகடவென்று சிரிக்கிறார். அப்புறம் சத்யா மெதுவாகக் கேட்கிறாள், "எர்ணாவூரு வூடு புடிக்கலியாம்மா?" அம்மா கூடையைக் கீழே வைக்கிற சத்தம்.

"வூடு நல்லாத்தான் கீது. தண்ணி வருது, கக்கூஸு உள்ளயே கீது. நான் இல்லன்னு சொல்லலியே. ஆனா, 'போலாமா'ன்னு ஒரு வார்த்த... ஒரே வார்த்த கேட்டுச்சா அந்தாளு? நான் கூடைய எறக்கி வெச்சிட்டு வந்து பாக்கறேன், டெம்போ நிக்குது, சட்டிபானையெல்லாம் மேல கீது. 'ஏறு'ன்னுச்சு. அந்தக் கரையிலதான் நான் பொறந்தேன், அங்கியேதான் உன்னையும் பெத்தேன். 'ஏறு'ன்னா ஏறிடறதா?"

அடுத்த நாள் நைனா. எண்ணூர் சாலையோரம், யார்டு வாசலில் வைத்து எடுத்திருக்கிறாள். லாரிகள் வரிசையாக நின்று உறுமுகின்றன. நைனா ஏழுமலை பேசத் தெரியாத மனிதர், பாதி நேரம் தொண்டையைத்தான் செருமுகிறார். "அலை பின்னாடி செவுத்த அடிச்சிகினு கீது. நீங்கல்லாம் படுத்துகினு கீறீங்க. எனக்குத் தூக்கமே வராது. கேட்டா ஒங்கம்மா வரமாட்டேன்னு சொல்லிடுவான்னு பயம். அதான் கேக்கல. கேட்டிருக்கணும்." மறுபடி செருமல். "தப்புதான்." அந்த இடத்தில் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு போகிறது. அவர் அடுத்துச் சொன்னது அதற்குள் போய்விடுகிறது. சத்யா ரெக்கார்டரை அணைக்கப் போகும்போது அவசரமாக ஒரு கேள்வி. அம்மாவும் முந்தின நாள் மெஷின் சத்தத்துக்கு மேலே இதையேதான் கேட்டிருந்தார். "ஆமா, அவ இன்னா சொன்னா?"

ஒட்டுப் போட்ட பேச்சு

எங்களிடம் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. பேசியவர் கேட்டு 'சரி' என்று சொல்லாமல் அவர் குரல் எங்கள் அறையைத் தாண்டி இன்னொருவர் காதுக்குப் போகக் கூடாது. கணவன் மனைவியாக இருந்தாலும் சரி. சத்யாவுக்கு விதி தெரியும். அதனால் யாருக்கும் எதையும் போட்டுக் காட்டாமல், மூன்று சாயங்காலம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எதையோ செய்தாள். பிறகு ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினாள்.

"போலாமான்னு ஒரு வார்த்த" என்றார் அம்மா. "கேட்டிருக்கணும்" என்றார் நைனா. "வூடு நல்லாத்தான் கீது" என்றார் அம்மா. "தப்புதான்" என்றார் நைனா. அம்மா கடகடவென்று சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இரண்டு வருஷமாக நடக்காத பேச்சை அவள் கத்தரித்துக் கத்தரித்துக் கோர்த்திருந்தாள். ஆனால் காது பழகியவர்களுக்கு அடுத்த நொடியே குட்டு தெரிந்துவிடும். அம்மா பேசும்போது ஐஸ் மெஷின், நைனா பேசும்போது லாரி. ஒருவர் கடற்கரையிலும் ஒருவர் சாலையோரத்திலும் நின்று பேசிக்கொள்கிறார்கள். "அதாங்க்கா, அந்த சத்தத்த மட்டும் எடுத்துட்டு, வூட்டு சும்மா போட்டு ஒட்டிக் குடு. வூட்லயே ஒக்காந்து பேசுற மாரி ஆயிடும். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல போட்டுக் காட்டிடறேன்" என்றாள்.

செய்து கொடுக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? கை மௌஸ் மேல் போய்விட்டது. ஆனாலும் மாட்டேன் என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது. "கல்யாண வீடியோல மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீற பொண்ணயும் மாப்ளயயும் பாட்டப் போட்டு சேத்து வெப்பேல்ல, அது மட்டும் இன்னாவாம்? வூட்ல தெனம் நான் இத்ததான பண்ணிகினு கீறேன்? வாயால ஒட்டுனா சரி, மெஷின்ல ஒட்டுனா தப்பா?" டேவிட் அண்ணன் தண்ணி கேனைக் கையில் பிடித்தபடி, "அது கேக்கறது நாயந்தானம்மா" என்று என் பக்கம் திரும்பினார். நான் மௌஸை விட்டுக் கையை எடுத்தேன்.

கடைசியில் சொன்னேன். "சத்யா, உங்க அம்மா சிரிச்சது நண்டுக்கு. அது அவங்களுக்குத் தெரியும்ல? உங்க நைனாவப் பாத்து சிரிச்ச மாதிரி இதுல கேட்டா, முதல்ல யார் மேல கோபம் வரும்?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோளில் கை வைத்தேன், தட்டிவிடவில்லை. வேறு மாதிரி செய்யலாம் என்றேன். அம்மா பேசியது முழுசாக ஒரு பக்கம், நைனா பேசியது முழுசாக ஒரு பக்கம். நடுவில் சத்யா தன் குரலில் தன் கதையைச் சொல்லட்டும். அவள் பேசுகிற இடத்துக்கு அடியில் வீட்டுச் சத்தம் ஓடட்டும். இரண்டு பேரும் சரி என்றால் எல்லாரும் சேர்ந்து கேட்கலாம். "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வீட்டுல இருக்கும்போது உக்கார வெச்சு ஒரு நிமிஷம் சும்மா எடுத்துட்டு வா" என்றேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "எங்க வூட்ல சும்மா எடுக்கறதா? ரெண்டு வருசமா அதான்க்கா ஓடிகினு கீது."

ஃபேன்

திங்கட்கிழமை சாயங்காலம் சத்யா வந்து ரெக்கார்டரை மேஜை மேல் வைத்தாள். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "சும்மா எடுத்தியா?" என்றேன். "எடுத்தேன். கெட்டுப் போச்சு. நீயே கேளு" என்றாள்.

கம்ப்யூட்டரில் ஏற்றி ஹெட்ஃபோனை மாட்டினேன். முதலில் அவள் குரல். "இப்ப யாரும் பேசக் கூடாது. ஒரு நிமிசம். நானும் பேச மாட்டேன், என்னாண்டயும் எதுவும் சொல்லக் கூடாது." பிறகு வீடு. சீலிங் ஃபேன் லொடக் லொடக்கென்று சுற்றுகிறது. பக்கத்து வீட்டில் டிவி. கீழே யாரோ பாத்திரம் தேய்க்கிறார்கள். தூரத்தில் லாரி. திரையில் சத்தத்தைக் காட்டும் கோடு அநேகமாகத் தட்டையாக ஓடுகிறது. ஒரு நாற்காலி கிறீச்சிட்டு நிற்கிறது. இத்தனை சத்தத்துக்கு நடுவே மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு நன்றாகவே கேட்டது.

அப்போது அம்மா குரல்.

"அந்த ஃபேன நிறுத்துய்யா. கொழந்த சத்தமே வரக் கூடாதுன்னுது, அது லொடலொடன்னு அடிச்சிகினு கீது."

நான் சத்யாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் அது, 'ஒங்க நைனாகிட்ட சொல்லு, ஃபேன நிறுத்தச் சொல்லு' என்றுதான் வந்திருக்கும். ஆனால் அன்றைக்கு வயர் கையில் ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தது. மகளின் பதிவு கெட்டுவிடக் கூடாது. சொல்லி அனுப்பவும் ஆள் இல்லை.

ஃபேன் லொடலொடவென்று சுற்றிக்கொண்டே இருந்தது. நைனா எழுந்த சத்தம் கேட்கவில்லை. எனக்குப் பதற்றமாகிவிட்டது. 'எழுந்திருய்யா, நிறுத்து, எதையாவது செய்' என்று நான் அந்தத் திரையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஒரு செருமல் கேட்டது. அப்புறம் ஏழுமலையின் குரல், ரொம்ப மெதுவாக.

"நிறுத்துனா உனக்குப் புழுங்குமே." இன்னொரு செருமல். "நிறுத்தட்டா?"

கேட்டுவிட்டார். ஃபேனைப் பற்றித்தான் கேட்டார், ஆனால் கேட்டுவிட்டார். டெம்போவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு 'ஏறு' என்ற மனிதர், ஒரு ஸ்விட்சைத் தட்டுவதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்கிறார். திரையில் கோடு நீளமாக, தட்டையாகப் போனது. அந்த அம்மாள் பதில் சொல்லாமலே இருந்துவிடுவாரோ என்று ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"ஒரு நிமிசம்தான? பரவால்ல. நிறுத்து."

ஸ்விட்ச் சத்தம். ஃபேன் தயங்கித் தயங்கி நின்றது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை, மகள் சொன்ன சொல்லை மதித்து நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை சுத்தமான சும்மா எனக்கு எர்ணாவூரில் இருந்து வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. கடைசியில் மட்டும் ரெக்கார்டருக்கு ரொம்பக் கிட்டத்தில் ஒரு சின்ன விசும்பல். அது யாருடையது என்று நான் கேட்கவில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். எனக்குக் கண்ணிலிருந்து தண்ணி கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. டேவிட் அண்ணன் பயந்துபோய், "இன்னாம்மா, மறுபடியும் கரண்டா?" என்றார். சத்யா உதட்டைக் கடித்துக்கொண்டு, தப்பு செய்த பிள்ளை மாதிரி கேட்டாள்: "பேச்சு உள்ள பூந்துட்ச்சிக்கா. திருப்பி எடுக்கணுமா?"

வேலை போச்சு

திருப்பி எடுக்கவில்லை. அந்த ஒட்டுப் போட்ட பேச்சை சத்யாவே அழித்துவிட்டாள். அம்மா பேசியதை அம்மாவுக்கும், நைனா பேசியதை நைனாவுக்கும் தனித்தனியாகப் போட்டுக் காட்டினாள். அதோடு ஃபேன் நிமிஷத்தையும் காட்டினாள். இரண்டு பேருமே உடனே சரி என்று சொல்லிவிட்டார்கள். அவரவர் பேச்சு வெளியே போவதை விட, மற்றவர் பேசியதைக் கேட்பதில்தான் இரண்டு பேருக்கும் அக்கறை. மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் மாடி அறையில் எல்லாரும் சேர்ந்து கேட்கிற கூட்டம் நடக்கும். அன்றைக்குத் தனம் வேலை முடிந்து கூடையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஏழுமலை படிக்கட்டிலேயே நின்றுகொண்டார். ஸ்பீக்கரில் "கேட்டிருக்கணும்" என்று அவர் குரல் வந்தபோது தனம் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தார். ஏழுமலையோ லாரி ஹார்ன் கேட்டவர் மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டார். ஃபேன் நிமிஷம் முடிந்ததும் அறையே கைதட்டியது. தனத்துக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை. "ஃபேன நிறுத்துனதுக்கா கை தட்டுறீங்க? எங்க வூட்டுக்கு வாங்க, தெனம் நிறுத்திக் காட்டறேன்."

பரீட்சை வந்தது, முடிந்தது. பெரியம்மா வீட்டுக்குப் போகும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. இல்லை, ஒரு தடவை எடுத்தார்களாம். "போவட்டா?" என்று தனம் கேட்டிருக்கிறார். "போவாத" என்று ஏழுமலை சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், வேறு விளக்கம் இல்லை. இதைச் சொன்ன சத்யா கொஞ்சம் சோர்ந்திருந்தாள். கோடை விடுமுறை, வெளியே தார் உருகுகிற வெயில். என்ன விஷயம் என்று கேட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து சமோசாவைக் கடித்துக்கொண்டே, முகத்தைச் சுளித்துச் சொன்னாள்: "இன்னாத்தச் சொல்ல? இப்பல்லாம் ரெண்டு பேரும் நேராவே சண்ட போட்டுக்கறாங்க. உப்பு கம்மின்னா நைனாவே சொல்றாரு, அம்மாவே திட்டுது. ஒரே பேஜாரு. எனக்கு வூட்ல வேலையே இல்லக்கா!"

பிள்ளைகளைப் பேச வைப்பதற்கென்று சம்பளம் வாங்கிய நான், அந்த வேலையில் உருப்படியாகச் செய்தது ஒரு வீட்டில் ஒரு பிள்ளையை ஒரு நிமிஷம் சும்மா இருக்கச் சொன்னதுதான்.